மேம்பாலச் சுவரில் தண்ணீர் கசிகிறது, பூசிவிடலாமா?

கேள்வி: தேசிய நெடுஞ்சாலை மேம்பாலத்தின் ஏற்றச் சாலையை ஒட்டி எங்கள் வீடு. சுவர் சுமார் 8 மீட்டர் உயரம். மழை பெய்தால் கான்கிரீட் பேனல்களின் இடுக்கில் தண்ணீர் வருகிறது. சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லலாமா?

பதில்: அதை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்த இடுக்குகள் தெரிந்தே விடப்பட்டவை. அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, பேனலைத் தள்ளும்.

நாம் சுவர் என்று பார்ப்பது வெறும் தோல். அதன் கனம் பெரும்பாலும் 14 முதல் 18 சென்டிமீட்டர். அது எப்படி 8 மீட்டர் மண்ணைத் தாங்கும்? பேனலின் பின்னாலிருந்து எஃகுப் பட்டைகளோ பாலிமர் பட்டைகளோ மண்ணுக்குள் நீள்கின்றன. சுவர் உயரத்தில் 0.7 பங்காவது நீளம் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் சுவருக்கு 5.6 மீட்டர். ரோலர் ஓட்டி இறுக்கிய மண் அவற்றைக் கவ்விக்கொள்ள, மொத்தமும் ஒரே கட்டியாக நிற்கிறது. 1960களில் பிரான்ஸ் பொறியாளர் ஆன்றி விடால் கண்ட வழி இது. கடற்கரை மணலில் பைன் ஊசியிலைகளைச் செருகிப் பார்த்தபோது தோன்றியது என்று சொல்வார்கள்.

கவ்வுவது உராய்வு. மண் ஊறிக் குழைந்தால் பிடி தளரும். அதனால்தான் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பொடிமண் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். பேனலுக்குப் பின்னால் வடிகட்டும் ஜல்லியும், இடுக்குகளில் வடிதுணியும் வைப்பார்கள்.

ஆகவே நிறத்தைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் வரட்டும். கலங்கி வந்து, காய்ந்த பிறகு சுவரடியில் மண் குவிந்து கிடந்தால், துணி கிழிந்து உள்ளே பொந்து விழத் தொடங்கியிருக்கலாம். மேலே சாலையோரம் சுவருக்கு இணையாக நீளமான வெடிப்போ பள்ளமோ தெரிகிறதா? என் அனுபவத்தில் பாதி வினை அங்கேதான்: அடைத்துக்கிடக்கும் வடிகுழாய், தடுப்புச்சுவர் ஓரத்து விரிசல்.

அடுத்தடுத்த இரு பேனல்களின் மேல் ஒரே கோடாக பெயிண்ட் அடித்து, தேதியோடு படமெடுத்து வையுங்கள். கோடு விலகினாலோ, பேனல் வயிறு தள்ளினாலோ காத்திருக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குக் கூப்பிட்டுப் படங்களோடு புகார் பதியுங்கள். குடிநீர்க் குழாய்க்கென்று சுவரடியில் யாராவது பள்ளம் தோண்டினால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.