மகன் துப்புரவு நிறுவனத்தில் சேரலாமா?

வணக்கம் அம்மா. இங்கே சிங்கப்பூரில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து, கட்டாயத் தேசிய சேவையும் முடித்து வந்த பிள்ளை, துப்புரவு நிறுவனத்தில் மேற்பார்வையாளர் பயிற்சிக்குச் சேரப்போகிறேன் என்கிறான். முதல் ஆறு மாதம் கழிவறையும் கழுவ வேண்டுமாம். “இதற்கா படிக்க வைத்தோம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரட்டும். அந்த ஆறு மாதத்தை மட்டும் குறைத்துக் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அலுவலகக் கட்டடம் ஒன்றில் கழிவறை நாறுகிறது என்று புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை தெரியாத மேற்பார்வையாளர் வாசனை மருந்து அடிக்கச் சொல்வார். தெரிந்தவர் முதலில் தரை வடிகாலைப் பார்ப்பார். அதன் அடிவளைவில் தண்ணீர் நின்றால்தான் சாக்கடை வாயு மேலே ஏறாது. யாரும் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் அது வற்றிப்போகும். ஒரு வாளித் தண்ணீரில் பிரச்சினை முடிந்துவிடும். நாற்றம் அங்கிருந்து வரவில்லையென்றால் சிறுநீர்க் கலத்தின் உள்விளிம்புக்கு அடியில் தேய்த்துப் பார்க்க வேண்டும். அங்கே படிந்திருக்கும் மஞ்சள் காறை சோப்புக்கெல்லாம் மசியாது, அமிலம் கலந்த திரவம்தான் அதை எடுக்கும். அதே திரவம் பக்கத்துப் பளிங்குத் தரையில் சிந்தினால் மெருகு போய்விடும், செலவு நிறுவனத்தின் தலையில் விழும். பிளீச்சோடு சேர்ந்துவிட்டாலோ குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத அறையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

இதையெல்லாம் வகுப்பிலும் சொல்லித்தருவார்கள். ஆனால் கழிவுக் கலம் துடைத்த துணியை வைத்தே கைகழுவும் தொட்டியையும் ஒருவர் ஏன் துடைத்துவிடுகிறார் என்பது, விடிகாலையில் அவரோடு நின்று வேலை பார்த்தவனுக்குத்தான் புரியும். உங்கள் மகன் வேலை வாங்கப்போவது பெரும்பாலும் தாய், பாட்டி வயதுள்ளவர்களை. தானே தேய்த்துப் பார்க்காதவன் பேச்சை அவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார்கள்.

சம்பளத்துக்கு வருவோம். துப்புரவுத் துறையில் படிப்படியாக உயரும் சம்பள முறை 2014 முதல் கட்டாயம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது பொருந்தும். முழுநேரப் பொதுத் துப்புரவாளரின் அடிப்படை மாதச் சம்பளம் 2025 ஜூலையில் 1,910 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2028 ஜூலையில் 2,420 வெள்ளி. இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது. மத்திய சேமநிதிக்கு முதலாளி கட்டும் பங்கு தனி. அலுவலகக் கட்டடங்களில் கழிவறைத் துப்புரவாளருக்குப் பொதுத் துப்புரவாளரைவிட அதிகம், இயந்திரம் ஓட்டத் தெரிந்தவருக்கும் மேற்பார்வையாளருக்கும் அதற்கும் மேலே. நீங்கள் முகம் சுளிக்கும் அந்தக் கழிவறைக்குத்தான் கூடுதல் காசு!

எல்லா நிறுவனமும் ஒன்றல்ல. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் இல்லாமல் இத்தொழிலை நடத்த முடியாது. 2024 ஜனவரி முதல் உரிமம் மூன்று பிரிவு. முதல் பிரிவுக்கு 250,000 வெள்ளி மூலதனம் வேண்டும். பயிற்சிக்கும் இயந்திரங்களுக்கும் கையில் காசுள்ள நிறுவனம் பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் இருக்கும். மகனை அழைத்திருப்பது எந்தப் பிரிவு என்று கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பயிற்சிச் சான்றிதழுக்கு அனுப்புவார்கள், எப்போது அனுப்புவார்கள் என்பதையும் கேட்கட்டும். “பார்க்கலாம்” என்று இழுத்தால் வேறு இடம் தேடலாம். தரை தேய்க்கும் ரோபோக்களை உருவாக்கும் லயன்ஸ்பாட் நிறுவனமே இந்த ஊர்க்காரர்களுடையதுதான். அந்த இயந்திரங்களைப் பராமரிக்கவும் வேலை நேரம் வகுக்கவும் தெரிந்தவனுக்குக் கட்டட நிர்வாகத் துறைக்கு மாற வழி உண்டு. பிறகு ஒரு டிப்ளோமா படிக்கலாம், இப்போதே அவசரமில்லை.

கஷ்டத்தை மறைக்கமாட்டேன். முதல் ரயிலுக்கு முன்னாலேயே எழ வேண்டியிருக்கும். முதுகும் முழங்காலும் வலிக்கும். ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறினால், பழகிய இடத்தை விட்டு வேறு கட்டடத்துக்கு மாற்றுவார்கள். தோல் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் சேருமுன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சொல்லத்தான் செய்வார்கள். நவம்பர் 19-ஐ உலகக் கழிவறை நாளாக 2013-இல் ஐ.நா. ஏற்றது சிங்கப்பூர் கொண்டுபோன தீர்மானத்தால்தான் என்று தீபாவளி விருந்தில் போட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

வேலை நியமனக் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போடுமுன் என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு, ஆறு மாதம் முடிந்ததும் பதவியும் சம்பளமும் மாறும் என்று எழுத்தில் இருக்கிறதா என்ற மூன்றையும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.