எடை குறைத்த பிறகு வரும் அடங்காத பசி

14 கிலோ குறைத்தீர்கள், எட்டு மாதத்தில் 6 கிலோ திரும்ப ஏறிவிட்டது, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது, வீட்டில் "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

உடம்பில் உள்ள கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லைங்க, அது லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கொழுப்பு கரைந்தால் லெப்டினும் சரியும், உடனே மூளை பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டி, உடம்பு செலவழிக்கும் கலோரியையும் குறைத்துவிடும். வயிற்றில் சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலினும் ஏறும். 2011-ல் வெளியான மெல்போர்ன் ஆய்வு ஒன்றில் 50 பேரை 10 வாரம் கடுமையான டயட்டில் வைத்தார்கள், சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. ஒரு வருடம் கழித்து, எடை கொஞ்சம் திரும்பிய பிறகும், லெப்டின் குறைவாகவே இருந்தது, கிரெலின் கூடுதலாகவே இருந்தது, பசியும் அடங்கவில்லை. உங்களுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துகிறேன் என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கூடவே முட்டையோ சுண்டலோ சேருங்கள், புரதம் இருந்தால் பசி தாமதமாக வரும். நைட் ஷிஃப்ட் வேலை வேறு என்றீர்கள். தூக்கம் குறைந்தாலே பசி கூடும், பகலில் அறையை இருட்டாக்கி நன்றாகத் தூங்கப் பாருங்கள். அப்புறம் தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, ரிசல்ட்டை இங்கே போடுங்கள்.