கோழிக் குழம்புக்கு என்ன ஒயின்? ஓசூர் அண்ணனிடம் கேள்விகள்

(பதில் சொல்பவர், ஓசூரில் ஒரு ஹோட்டல் பாரைப் பார்த்துக்கொள்ளும் நம் உறுப்பினர்.)

தர்மபுரியிலிருந்து: அண்ணா, ஞாயித்துக்கிழமை வீட்ல ராகி களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். ரெட் ஒயின் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். சரிப்படுமா?

எந்த ரெட்னு சொல்லலையே! கேபர்நெட் சாவிஞான்னா அன்னிக்குத் திறக்காதீங்க. அதுல டானின் அதிகம், நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. மிளகாய்க் காரத்தோட சேர்ந்தா அந்தத் துவர்ப்பு கசப்பாயிடும். ஆல்கஹாலும் 13, 14 சதவீதம் இருக்கும், அது எரிச்சலை இன்னும் ஏத்திவிடும். கோழின்னா ஒயிட், ஆட்டுக்கறின்னா ரெட் என்பதெல்லாம் உப்பும் வெண்ணெயும் போட்டு சமைக்கிறவங்க கணக்கு. நம்ம குழம்புல வறுத்த மல்லியும் மிளகாயும் தேங்காயும்தான் முன்னாடி நிக்குது, கோழி பின்னாடிதான். மசாலாவைப் பாத்து ஒயினை எடுங்க. லேசான இனிப்பு, நல்ல புளிப்பு, ஆல்கஹால் கம்மி, இந்த மூணும் வேணும். நாசிக்ல இருக்கிற சூலா கம்பெனியோட செனின் பிளாங்க்ங்கிற ஒயிட் ஒயின் அந்த ரகம். ரீஸ்லிங்னு இன்னொரு ஒயிட், அதுல கொஞ்சம் இனிப்பானது கிடைச்சா இன்னும் நல்லது. நல்லா ஜில்லுனு குடிங்க. களி எந்த ஒயினுக்கும் இடைஞ்சல் பண்ணாது.

கிருஷ்ணகிரியிலிருந்து: அப்ப நம்ம சாப்பாட்டுக்கு ரெட்டே ஆகாதா?

பெப்பர் சிக்கன் செய்யுங்க, ஷிராஸ்ங்கிற ரெட் ஊத்துங்க. ஷிராஸ்ல வர்ற மிளகு வாசனை வெறும் கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற பொருள்தான் காரணம்னு 2008ல ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சொன்னாங்க. குருமிளகுலயும் அதேதான் இருக்கு. ஆனா பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டீங்கன்னா மறுபடியும் முதல் கதைதான். ரெட்டை 'ரூம் டெம்பரேச்சர்'ல வைக்கணும்னு படிச்சிருப்பீங்க. அது குளிர் நாட்டு ரூம்! 16 டிகிரி பக்கம் இருந்தா போதும், அரைமணி நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுங்க.

பாலக்கோட்டிலிருந்து: சிக்கன் 65? பிரியாணி?

65க்கு ஸ்பார்க்லிங், அதாவது நுரைக்கிற ஒயின், லேபிள்ல 'ப்ரூட்'னு (இனிப்பு இல்லாததுன்னு அர்த்தம்) இருக்கிறது. புளிப்பும் நுரையும் எண்ணெய்ப் பிசுக்கை வழிச்சுட்டுப் போயிடும். பிரியாணிக்கு ரோஸே, இளஞ்சிவப்பு ஒயின். பீரே போதும்னு தோணுச்சுன்னாலும் தப்பில்லை.

ஊத்தங்கரையிலிருந்து: கிரேவில ஒயின் ஊத்தி சமைக்கலாம்னு ஆசை. கொதிச்சா ஆல்கஹால் போயிடும்ல? பசங்களும் சாப்பிடுவாங்க.

போகாதும்மா. அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி 15 நிமிஷம் கொதிச்ச பிறகும் சுமார் 40 சதவீதம் நிக்கும், ஒரு மணி நேரம் கழிச்சும் 25. பசங்க சட்டில ஒயின் வேண்டாம். புளிப்புக்குத் தயிர் ஊத்துங்க.

ஓசூரிலிருந்து: மிஞ்சின பாட்டில் எத்தனை நாள் தாங்கும்? இங்க ரகம் கம்மியா இருக்கே, பெங்களூர்ல வாங்கிட்டு வரலாமா?

கார்க்கைத் திருப்பி அடைச்சு ஃபிரிட்ஜ்ல வெச்சா மூணு நாள் நல்லா இருக்கும். பெங்களூர் விஷயம் வேற. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பாட்டில் கொண்டுவந்தா மதுவிலக்குச் சட்டத்துல மாட்டலாம், அந்த வேலை வேண்டாம். ருசி பாக்கணும்னா நந்தி மலைப் பக்கம், தொட்டபள்ளாபுரத்துல குரோவர்ங்கிற ஒயின் கம்பெனியோட திராட்சைத் தோட்டம் இருக்கு. அங்கயே குடிச்சுப் பாத்துட்டு, பிடிச்ச ரகத்தோட பேரைக் குறிச்சுக்கிட்டு வந்து இங்க தேடுங்க. வண்டி ஓட்டுறவர் மட்டும் கிளாஸைத் தொடக்கூடாது.