போர்வெல்லில் 100 அடியிலேயே தண்ணீர் நிற்கிறது. ஆனால் மோட்டார் போட்டால் அரை மணியில் காற்று வாங்குகிறது. ஏன்?

எங்கள் தோட்டத்திலும் இதே கதைதான். பல்லடம் பக்கம், 640 அடி போர், ஆறரை இஞ்ச். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தால் 130 அடியில் தண்ணீர். மோட்டார் இருந்தது 320 அடியில். தலைக்கு மேலே 190 அடி தண்ணீர் நிற்கிறதே என்று நிம்மதியாகத் தென்னைக்குத் திறந்துவிட்டால், அரை மணியில் பைப் இருமத் தொடங்கிவிடும்.

நீங்கள் சொல்லும் 100 அடி, மோட்டார் ஓய்ந்திருக்கும்போது தண்ணீர் வந்து நிற்கும் இடம். இதுதான் நிலை நீர்மட்டம், கடைக்காரர் பாஷையில் ஸ்டாட்டிக் லெவல். மோட்டார் ஓட ஓட மட்டம் இறங்கும். எடுக்கிற தண்ணீரும் ஊற்றில் வருகிற தண்ணீரும் சமமாகும் இடத்தில் நின்றால், அது இயங்கு நீர்மட்டம், அதாவது டைனமிக் லெவல். சமமாகவே இல்லையென்றால் நேராக மோட்டார் வரை இறங்கிவிடும். உங்கள் போரில் நடப்பது அநேகமாக இதுதான்.

நான் ஏமாந்தது ஒரு எளிய கணக்கில். ஆறரை இஞ்ச் போரில் ஒரு அடி உயரத்துக்குச் சுமார் 6.5 லிட்டர்தான் பிடிக்கும். 190 அடி என்றால் 1,235 லிட்டர். மாடியில் வைக்கிற 1,000 லிட்டர் சின்டெக்ஸைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்! என் மோட்டாரோ நிமிடத்துக்கு 60 லிட்டர் எடுக்கிறது.

சரி, ஊற்று எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு கம்பி ஒயரின் முனையைச் சீவி, மறுமுனையில் பேட்டரியும் பஸ்ஸரும் மாட்டி, பத்தடிக்கு ஒரு டேப் சுற்றி இறக்கினேன். முனை தண்ணீரைத் தொட்டதும் கத்தும். (முதல் தடவை ஒயர் மோட்டார் கேபிளில் சிக்கி, எடுப்பதற்குள் பாதி நாள் போனது. மோட்டார் இறக்கும்போதே பக்கத்தில் ஒரு அரை இஞ்ச் பைப்பையும் சேர்த்து இறக்கிவிடுங்கள், ஒயர் அதற்குள் போகட்டும்.) ராத்திரி முழுக்க ஓய்ந்த போரில் காலையில் 130. மோட்டார் போட்டு 5 நிமிடத்தில் 170, பத்தில் 205, இருபதில் 265. அப்புறம் காற்று. உடனே நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் 15 அடி ஏறியது, நிமிடத்துக்கு 3 அடி. அப்படியானால் ஊற்று நிமிடத்துக்கு 20 லிட்டர்தான். அறுபது எடுத்தால் எப்படித் தாங்கும்?

கடையில் சொன்னார்கள், "இன்னும் 200 அடி இறக்கிடுங்க சார்." இறக்கினால் கூடுதலாக ஒரு 1,300 லிட்டர் கிடைக்கும், மோட்டார் இன்னும் அரை மணி ஓடும். மட்டம் ஊற்றுக் கண்ணுக்குக் கீழே போனபிறகு எவ்வளவு ஆழத்திலிருந்து இழுத்தாலும் ஊற்று பெருகாது. நான் 320 அடியிலேயே விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 16 லிட்டர் தருகிற சின்ன மோட்டாராக மாற்றினேன். எட்டு மணி நேரம் ஓடி 7,680 லிட்டர் தொட்டிக்கு வருகிறது. ஆனால் புது மோட்டார் வாங்கும்போது ஹெட்டை (மோட்டார் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம்) நிற்கும் மட்டத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள், ஓடும்போது இருக்கிற மட்டத்திலிருந்து போடுங்கள்.

இதெல்லாம் எங்கள் மாதிரிப் பாறை நிலத்துக்கு. இங்கே தண்ணீர் கருங்கல்லின் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. மச்சான் ஊர் திருவையாறு பக்கம். ஆற்று மணல், ஃபில்டர் பாயிண்ட் (மணலில் சல்லடைக் குழாய் இறக்கிய ஆழம் குறைந்த குழாய்க் கிணறு). அங்கே நாள் முழுக்க இறைத்தாலும் மட்டம் சில அடிதான் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால், அவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

பேப்பரில் "நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது" என்று போடுவார்களே, அது கண்காணிப்புக் கிணறுகளில் எடுத்த நிலை நீர்மட்டம். உங்கள் போர் எவ்வளவு தரும் என்பது அதில் இருக்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை நீங்களே அளந்துவிடுங்கள். எங்கள் மோட்டார் ரூம் சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருப்பது: ஜனவரி, நின்றது 110, ஓடும்போது 170. மே, நின்றது 160, ஓடும்போது 240.