பி.யு. பாலிஷில் நானோ பவுடர் கலக்கலாமா?

கேள்வி: தேக்கு டைனிங் டேபிளுக்கு ஹார்டனர் (இறுகச் செய்யும் திரவம்) சேர்த்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) க்ளியர் கோட் போட்டுத் தருகிறேன். எவர்சில்வர் பாத்திரம் இழுபட்டுக் கீறல் விழுகிறது என்று வாடிக்கையாளர்கள் குறை சொல்கிறார்கள். அதனால் நானோ சிலிக்கா பவுடர் வாங்கிக் கலந்து பார்த்தேன். பாலிஷ் கெட்டியாகிவிட்டது, காய்ந்ததும் மங்கல், போதாததற்கு ஊசித்துளைகள். நானோ என்பதே ஏமாற்றா? அலுமினா போட்டால் சரியாகுமா?
– மரவேலை செய்யும் வாசகர், காரைக்குடி

பதில்: ஏமாற்று இல்லை. மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக் லென்ஸைக் கீறலிலிருந்து காக்கும் பூச்சுகள் பலவற்றில் இருப்பது இதே நானோ சிலிக்காதான். பவுடராக வாங்கியதில்தான் சிக்கல்.

எடையே தெரியாத அந்த வெள்ளைப் பவுடர் பெரும்பாலும் ஃப்யூம்டு சிலிக்காவாக இருக்கும். தயாராகும்போதே அதன் துகள்கள் நெருப்பில் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாகிவிடுகின்றன. டிரில் மெஷினில் கலக்கியைப் பூட்டிச் சுற்றினாலும் அவை தனித்தனியாகப் பிரியாது. பெயின்ட் தொழிலில் இதைச் சேர்ப்பதே பெயின்ட் வழியாமல் கெட்டியாக நிற்கத்தான். மங்கலுக்கும் இந்தக் கொத்துகள்தான் காரணம். ஒளி அலையைவிட மிகச் சிறிய துகள்களில், விட்டம் இரட்டிப்பானால் ஒரு துகள் சிதறடிக்கும் ஒளி 64 மடங்காகும். 20 நானோமீட்டரில் கண்ணுக்குத் தெரியாத பொருள், கொத்தாகச் சேர்ந்தால் பால் நிறம் காட்டும்.

ஊசித்துளைக்கு ஈரம் காரணமாக இருக்கலாம். 20 நானோமீட்டர் சிலிக்கா ஒரே ஒரு கிராமின் மேற்பரப்பு சுமார் 135 சதுர மீட்டர், அதாவது மூன்று படுக்கையறை ஃபிளாட் ஒன்றின் தரை அளவு. அவ்வளவு பரப்பும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் தண்ணீரைத் தொட்டால் கார்பன் டை ஆக்சைடு வாயு வரும். குமிழி ஒரு பக்கம்; ஹார்டனர் வீணாகிப் படலம் சரியாக இறுகாமல் போவது இன்னொரு பக்கம்.

அதே பரப்புதான் பலமும் தருகிறது. ரெசின் (பாலிஷில் படலமாகும் பிசின்) அதன்மேல் இறுகப் பிடித்தால் கீறும் விசை கடினமான துகளுக்குப் போகும். பிடிப்பு இல்லாவிட்டால் துகள் பெயர்ந்து வந்து, அந்த இடமே பலவீனமாகிவிடும். அதற்காகத்தான் துகளின் மேல் சிலேன் என்ற ரசாயனத்தைப் பூசுகிறார்கள்.

அதனால் கரைப்பானில் ஏற்கெனவே பிரித்து, சிலேன் பூசி வரும் திரவ நானோ சிலிக்காவைக் கேளுங்கள். வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் இருப்பது வேண்டாம். ஆல்கஹாலும் ஹார்டனரைத் தின்றுவிடும். பியூட்டைல் அசிட்டேட்டில் இருப்பது உங்கள் பாலிஷுக்குப் பொருந்தும். ஹார்டனர் ஊற்றும் முன்பே பேஸில், அதாவது ஹார்டனர் சேராத பாலிஷில், கலந்துவிடுங்கள். அளவைக் காய்ந்த படலத்தின் எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். 100 கிராம் படலத்துக்கு 5 கிராம் சிலிக்கா என்றால், சிலிக்கா 30 சதவீதம் உள்ள திரவத்தில் சுமார் 17 கிராம். அங்கே தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். அளவு மீறினால் படலம் நொறுங்கும் தன்மைக்குப் போகும். மரமோ மழைக்காலத்தில் உப்பி வெயிலில் சுருங்குவது. விறைப்பான படலம் அதோடு அசையாமல் வெடித்துவிடும்.

சோதிக்கப் பென்சில் போதும். மரத்தில் வேண்டாம், அடியில் மரம் அமுங்கிக் கணக்கைக் கெடுக்கும். கண்ணாடித் துண்டில் அடித்து, ஒரு வாரம் காயவிட்டு, முனையை உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்த பென்சிலை 45 டிகிரி சாய்த்துத் தள்ளுங்கள். எச்.பி.யிலிருந்து 2எச், 3எச் என்று போய், எதில் கீறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிலிக்கா கலக்காத துண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

அலுமினா சிலிக்காவைவிடக் கடினம்தான். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுமார் 1.76, பி.யு.வுக்கு 1.5-ஐ ஒட்டி, சிலிக்காவுக்கு 1.46. ரெசினோடு இடைவெளி கூடினால் மங்கலும் கூடும். கருந்தேக்கில் அது பளிச்சென்று தெரியும், அதனால் உங்கள் வேலைக்கு சிலிக்காவையே சொல்வேன்.

எதைக் கலந்தாலும் ஸ்ப்ரே அடிக்கும்போது முகத்தில் துணி கட்டினால் போதாது. ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்குங்கள், உதவியாளருக்கும் சேர்த்து.