கோல்ஃப் ஆர் எஸ்டேட் குடும்பத்துக்கு ஒத்துவருமா?

கேள்வி: நாங்கள் லீட்ஸில் இருக்கிறோம். எனக்கு வேலை மான்செஸ்டரில்; வாரத்தில் மூன்று நாள் எம்62 வழியாகப் போய்வர வேண்டும். வீட்டில் ஐந்து வயதுப் பையன், எட்டு மாதக் கைக்குழந்தை. கோடையில் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் தங்குவார்கள். 2018 தொடக்கத்தில் பதிவான ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர் எஸ்டேட் (கோல்ஃபின் அதிவேக ரகம், பின்னால் நீண்ட டிக்கியோடு) ஒன்று, 58,000 மைல் ஓடியது, விலைக்கு வந்திருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இதெல்லாம் கல்யாணமாகாத பையன்கள் ஓட்டுகிற வண்டி, பேசாமல் டிகுவான் மாதிரி ஒரு எஸ்யூவி வாங்குங்கள்" என்கிறார் மனைவி. நான்கு சக்கரமும் இழுப்பதால் பனிக்காலத்தில் இதுதான் பாதுகாப்பு என்பது என் வாதம். வாங்கலாமா?

பதில்: பனி விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். மனைவியிடம் நீங்கள் வைக்கும் ஒரே வாதம் அதுதான், அதுதான் கொஞ்சம் பலவீனமாகவும் இருக்கிறது.

எம்62 சாலை 22-ஆவது சந்திப்புக்குப் பக்கத்தில் 372 மீட்டர் உயரத்தில் பெனைன் மலையைத் தாண்டுகிறது. இங்கிலாந்தில் இதைவிட உயரமான மோட்டார்வே கிடையாது. லீட்ஸில் தூறலாக இருப்பது அங்கே பனியாக விழும். ஆக, உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆல் வீல் டிரைவ் கொடுப்பது கிளம்பவும் மேடேறவும் வேண்டிய பிடிப்பை மட்டும்தான். பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. நிற்பதும், வளைவில் வழுக்காமல் போவதும் டயரின் வேலை. மோட்டார்வேயில் நீங்கள் பயப்பட வேண்டியது கிளம்ப முடியாமல் போவதற்கு அல்ல. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு எரியும்போது நிற்க முடியாமல் போவதற்கு.

இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வருவது கோடை டயரோடு. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனதும் அந்த ரப்பர் இறுகிப் பிடிப்பைக் குறைத்துக்கொள்ளும். 300 குதிரைசக்திக்கு மேல் உள்ள எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும் சேர்ந்தால் மேட்டை அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும். வழுக்குகிறது என்ற எச்சரிக்கையே ஓட்டுபவருக்குக் கிடைக்காது. இறக்கத்தில்தான் தெரியவரும். நல்ல ஆல் சீசன் டயர் போட்ட சாதாரண முன்சக்கர இழுவைக் கார் அங்கே இதைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும்.

அதனால் வண்டி விலையோடு நான்கு ஆல் சீசன் டயரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் உள்ள முத்திரை இருக்க வேண்டும். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். 19 அங்குல ரிம் போட்ட வண்டியாக இருந்தால் 18 அங்குலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 225/40 ஆர்18 இந்தக் காருக்குக் கம்பெனியே கொடுத்த அளவுதான், பிரேக்கில் இடிக்காது. டயரின் சுவர் கொஞ்சம் உயரமாக இருப்பதால் யார்க்‌ஷர் சாலைக் குழிகளில் ரிம்மும் தப்பிக்கும், பின்னால் உட்காரும் பிள்ளைகளின் வயிறும் தப்பிக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. தடம் போதும் என்றாலும் 3 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது.

மனைவி சொல்லும் டிகுவானின் 4மோஷன் என்ற நான்கு சக்கர இழுவை ரகத்தில் இருப்பதும் இதே குடும்பத்து இழுவை அமைப்புதான். பனிக்கு எஸ்யூவி மேல் என்ற பேச்சுக்கு இந்த இரண்டு வண்டிக்கிடையில் பெரிய பொருள் இல்லை.

சரி, அந்த அமைப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் ஹால்டெக்ஸ். சாதாரணமாக ஓடும்போது எஞ்சினின் விசையில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கே போகும். முன்சக்கரம் வழுக்கும்போதோ, வழுக்கப் போகிறது என்று கணினி நினைக்கும்போதோ, பின் அச்சுக்கு முன்னால் இருக்கும் கிளட்ச் அடுக்கை ஒரு சின்ன மின் பம்ப் எண்ணெய் அழுத்தத்தால் இறுக்கும். உடனே பின்சக்கரமும் இழுக்கத் தொடங்கும். சுபாருவில் இருப்பது போல எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஏற்பாடு இதில் இல்லை.

தொல்லை அந்தப் பம்ப்பில்தான். கிளட்ச் தேயத் தேய அந்தத் தூள் எண்ணெயில் கலக்கும். முந்தைய தலைமுறை ஹால்டெக்ஸில் தனி ஃபில்டர் உண்டு. நீங்கள் பார்த்திருக்கும் கோல்ஃபின் ஏழாம் தலைமுறைக்கு வந்த ஐந்தாம் தலைமுறை ஹால்டெக்ஸில் அதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பம்ப்பின் வாயில் உள்ள மெல்லிய சல்லடை மட்டும். தூள் முழுக்க அதில் போய் அப்பிக்கொள்ளும். அடைபட்டதும் பம்ப் திணறித் திணறி ஒரு நாள் நின்றுவிடும். டேஷ்போர்டில் பெரும்பாலும் விளக்குகூட எரியாது. உங்கள் நான்கு சக்கர இழுவைக் கார் சத்தமில்லாமல் இரண்டு சக்கர இழுவைக் காராகிவிடும். பனி பெய்கிற அன்றைக்குத்தான் அது உங்களுக்குத் தெரியும்.

கம்பெனி அட்டவணைப்படி மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஹால்டெக்ஸ் எண்ணெய் மாற்ற வேண்டும். பல இடங்களில் பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. பம்ப்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவுவதில்லை. ஆகவே விற்பவரிடம் "ஹால்டெக்ஸ் சர்வீஸ் ஆச்சா?" என்று கேட்காதீர்கள். "பம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்த பில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்த வண்டியின் வயதுக்கு இரண்டு முறையாவது செய்திருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது ஈரமான அல்லது சரளை போட்ட, ஆளில்லாத இடத்தில் நின்ற நிலையிலிருந்து ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம் மட்டும் சுழன்று கூச்சல் போட்டால் பின் இழுவை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஃபோக்ஸ்வேகன் வேலை தெரிந்த தனி மெக்கானிக் ஒருவரிடம் அரை நாள் விட்டால் கணினியை மாட்டி உறுதியாகச் சொல்லிவிடுவார்.

எஞ்சின் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். ஈஏ888 என்ற இந்த 2 லிட்டர் டர்போ ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பல கார்களில் ஓடுகிற ஒன்று. இதில் அடிக்கடி வருவது வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூட்டில் கசிவு. எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தாலோ பக்கத்தில் இளஞ்சிவப்புத் தடம் காய்ந்திருந்தாலோ அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். முந்தைய ஆறு கியர் பெட்டிக்கு 40,000 மைலுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றச் சொன்ன கம்பெனி, இதற்கு இடைவெளியைக் கூட்டிவிட்டது. நானாக இருந்தால் பழைய கணக்கையே வைத்துக்கொள்வேன். பிரிட்டனில் ஒரு வசதி, நம்பர் பிளேட்டை வைத்து எம்ஓடி என்ற வருடாந்தரச் சோதனையின் வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் டயரின் உள்விளிம்பு தேய்ந்ததாக எழுதியிருந்தால் அலைன்மென்ட்டைக் கவனிக்காத ஆளின் வண்டி அது; மற்றதையும் கவனித்திருக்க மாட்டார்.

இனி வீட்டு விஷயம். இங்கே மனைவி பக்கம் கொஞ்சம் சாய வேண்டியிருக்கிறது. டிக்கி 605 லிட்டர், பின் சீட்டை மடக்கினால் 1,620. தள்ளுவண்டி, பால் புட்டிப் பை, வாரச் சாமான் எல்லாம் தாராளமாகக் கொள்ளும். வாசல் தாழ்வாக இருப்பதால் தள்ளுவண்டியைத் தூக்கி வைப்பது எஸ்யூவியை விட எளிது. ஆனால் குழந்தையை உட்கார வைப்பது அப்படியல்ல. கூரை தாழ்வு என்பதால் தூங்குகிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து உள்ளே திணிக்க வேண்டும். அந்த வேலை தினமும் யாருடையது என்று நீங்களே யோசியுங்கள். ஐ-சைஸ் என்ற பாதுகாப்பு விதிப்படி வந்த குழந்தை சீட் என்றால் குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். அந்தச் சீட் நிறைய இடம் பிடிக்கும். ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் உங்கள் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். வண்டி பார்க்கப் போகும்போது மனைவியையும் குழந்தையின் சீட்டையும் தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

சஸ்பென்ஷன் இறுக்கமானது. டிசிசி என்ற மாறும் டேம்பர் உள்ள வண்டியா என்று பாருங்கள். அது கூடுதல் காசுக்குக் கொடுத்த வசதி, எல்லா வண்டியிலும் இருக்காது. அது இருந்தால் கம்ஃபர்ட் நிலையில் சாதாரண கோல்ஃப் மாதிரியே போகும். இல்லையென்றால், பையனுக்கு வண்டியில் வாந்தி வருகிற பழக்கம் இருந்தால், வேறு வண்டி பாருங்கள்.

அப்புறம் அம்மா அப்பா. நீங்கள் நான்கு பேர், அவர்கள் இரண்டு பேர், மொத்தம் ஆறு. கோல்ஃபிலும் ஐந்துதான் இடம், ஐந்து சீட் டிகுவானிலும் ஐந்துதான். ஆகவே இந்தக் காரணத்துக்காக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சண்டை போட வேண்டியதில்லை. எல்லாரும் சேர்ந்து ஸ்காட்லாந்து போகிற வாரத்துக்கு ஏழு சீட் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக வருடம் முழுக்கப் பெரிய வண்டியை ஓட்டுவது வீண். கோல்ஃபில் இரண்டு குழந்தை சீட்டுக்கு நடுவே அம்மாவை உட்கார வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அகலம் போதாது. காலடியில் பின் அச்சுக்குப் போகும் தண்டின் மேடு வேறு.

ஓட்டும் செலவு: போகவர வாரம் சுமார் 270 மைல். மோட்டார்வேயில் கேலனுக்கு 32 மைல் கிடைத்தால் வாரம் 38 லிட்டர் பெட்ரோல். நகருக்குள் 25-க்குப் பக்கத்தில் வந்துவிடும். 98 ஆக்டேன் போடச் சொல்வார்கள், விலை அதிகம். சாலை வரியைப் பொறுத்தவரை 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவானதால் ஒரே நிலையான தொகை. பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டிய கார்களுக்கு ஐந்து வருடம் கூடுதல் வரி உண்டு. இந்த வண்டி அதில் மாட்டியிருந்தாலும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இதற்கு அடுத்து வந்த எட்டாம் தலைமுறை எஸ்டேட்டைப் பார்த்தால் இந்தக் கூடுதல் வரியை மறக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸைப் பேசி முடிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். திருடர்களுக்கு கோல்ஃப் ஆர் மீது தனிப் பிரியம். தாட்சம் என்ற பிரிட்டிஷ் சோதனை அமைப்பின் எஸ்5 அல்லது எஸ்7 தரத்து டிராக்கர் (வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) பொருத்தினால்தான் காப்பீடு என்று சில கம்பெனிகள் சொல்லும். முந்தைய உரிமையாளர் எஞ்சின் கணினியை ரீமேப் செய்து சக்தியைக் கூட்டியிருந்தால், நீங்கள் அதைச் சொல்லாமல் பாலிசி எடுத்தால், விபத்தன்று அது செல்லாமல் போகலாம். கணினியைப் பார்க்கிற மெக்கானிக்கிடம் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வகை வண்டிக்கு நீங்கள் மயங்குவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1994-இல் ஆடி, போர்ஷேயோடு சேர்ந்து 315 குதிரைசக்தியில் ஆர்எஸ்2 அவந்த் என்று சாமான் ஏற்றும் உடம்புக்குள் பந்தயக்கார மனசை வைத்ததிலிருந்து இந்த மயக்கம் தொடர்கிறது. ஆனால் அதே எஞ்சின் குடும்பமும் அதே ஹால்டெக்ஸும் இதே குழுமத்தில் வேறு சட்டையிலும் கிடைக்கிறது. சீட் (SEAT) என்ற கம்பெனியின் லியோன் எஸ்டி குப்ரா காரின் 4டிரைவ் ரகம் கிட்டத்தட்ட இதே வண்டி, டிக்கி மட்டும் 587 லிட்டர். உங்கள் வீட்டுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ஸ்கோடா சூப்பர்ப் எஸ்டேட், 2.0 டிஎஸ்ஐ, 4x4. வருடத்தைப் பொறுத்து 280 அல்லது 272 குதிரைசக்தி. டிக்கி 660 லிட்டர், பின் சீட்டில் கால் நீட்ட இடம் கோல்ஃபை விட எவ்வளவோ அதிகம். குழந்தை சீட் பின்னோக்கி இருந்தாலும் முன்னால் ஆள் நிம்மதியாக உட்காரலாம். திருடர் கண்ணிலும் அவ்வளவாகப் படாது. வேகமும் உங்களுக்குக் குறையாது. "பையன்கள் வண்டி" என்று மனைவியும் சொல்ல முடியாது.

அப்படியும் கோல்ஃப்தான் வேண்டும் என்றால், வாங்கலாம். குடும்பத்துக்கு ஆகாத வண்டி இல்லை. ஆனால் பார்த்திருக்கும் இந்த வண்டிக்கு ஹால்டெக்ஸ் பம்ப் பில் இல்லையென்றால், சாவி கைமாறும் முன் விற்பவர் செலவிலேயே அந்த வேலையைச் செய்துதரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தத் தொகையையும் நான்கு டயரின் விலையையும் கழித்துப் பேசுங்கள். அதற்கும் இறங்கிவராதவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்; இதே வருடத்து எஸ்டேட் வேறு இடத்திலும் விற்பனைக்கு வரும்.