எஸ்.எஸ்.டி.யில் 2000 எம்.பி. வேகம் தேவையா?

கேள்வி: அண்ணா, கல்யாண வீடியோ எடுக்கிறேன். இரண்டு கேமரா, 4கே. இதுவரை ஹார்ட் டிஸ்க்தான். இப்போது எஸ்.எஸ்.டி.க்கு மாறலாம் என்று கடைக்குப் போனால் சாம்சங் டி7 ஷீல்டு, டி9 இரண்டையும் காட்டி, டி9 இரண்டு மடங்கு வேகம் என்கிறார்கள். லேப்டாப் 2020இல் வாங்கியது. எதை வாங்கட்டும்?
(வாசகர், கும்பகோணம்)

டி7 ஷீல்டு போதும், தம்பி. ஆனால் இரண்டாக வாங்குங்கள்.

டி9 விநாடிக்கு 2000 எம்.பி. வரை போகும் என்பது உண்மை. அதற்கு லேப்டாப்பில் யு.எஸ்.பி. 3.2 ஜென் 2×2 போர்ட் வேண்டும். 2020 லேப்டாப்களில் அது அபூர்வம். அது இல்லாவிட்டால் டி9-உம் 1000 பக்கத்திலேயே நின்றுவிடும். டி7 ஷீல்டின் வேகமே 1050தான். உங்கள் போர்ட் ஜென் 1 என்றால் (பழைய 3.0-க்கு வைத்த புதுப்பெயர்தான் அது) எந்த டிரைவைச் செருகினாலும் 450, 460க்கு மேல் ஏறாது. லேப்டாப்பின் மாடல் எண்ணைப் போட்டு, எந்த போர்ட் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கார்டு கணக்கு. 100 எம்.பி.பி.எஸ்.ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட், அதாவது 12.5 எம்.பி.) 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி. மாலை ரிசப்ஷன், காலை முகூர்த்தம் என்று கேமராவுக்கு நாலு மணி நேரம் வைத்தால், இரண்டுக்கும் சேர்த்து 360 ஜி.பி. நம்மில் பலர் போடுவது யு.எச்.எஸ்.-1 வகை மெமரி கார்டு. அதிலிருந்து விநாடிக்கு 90 எம்.பி. வந்தாலே பெரிது. மண்டபத்தில் உட்கார்ந்து கார்டைக் காலி செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டி9 வைத்திருந்தாலும் அதே நேரம்தான். எடிட்டிங்கிலும் ஒரு கேமரா ஃபுட்டேஜ் ஓட விநாடிக்கு 12.5 எம்.பி. போதும். டைம்லைன் திக்கித் திக்கி ஓடினால் பெரும்பாலும் பிராசசர்தான் காரணம். ப்ராக்சி (ஃபுட்டேஜின் சிறிய, இலகுவான நகல்) போட்டு எடிட் செய்யுங்கள்.

விலை குறைவு என்று வேறு டிரைவைக் காட்டினால், கியூ.எல்.சி. வகையா (ஒரு செல்லில் நாலு பிட் அடைக்கும் மலிவு வகை) என்று கேளுங்கள். அந்த வகையில் முதலில் பறக்கும். கேஷ் (வேகமாக எழுத வைத்திருக்கும் தற்காலிக இடம்) நிரம்பியதும் சிலது ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும்.

இரண்டு ஏன் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி முகூர்த்தம். மறுநாளும் வேலை இருந்ததால் ஃபுட்டேஜை ஒரே எஸ்.எஸ்.டி.யில் ஏற்றிவிட்டு, கார்டுகளை ஃபார்மட் செய்தேன். காலையில் செருகினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் டிக் டிக் என்று சத்தமாவது போடும். இது மூச்சே விடவில்லை. சென்னைக்கு எடுத்துப் போயும் மீட்க முடியவில்லை. பெண்ணின் அப்பாவிடம் போய், மாங்கல்யதாரணம் இல்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவ பாட்டி மனைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்களே, அதுவாவது இருக்கா?" என்று கேட்டார். அதுவும் இல்லை. அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. மண்டபத்திலேயே இரண்டு டிரைவிலும் ஏற்றுவேன். ஒன்று என் பையில், இன்னொன்று உதவியாளர் பையில்; இருவரும் வேறு வேறு வண்டியில் வீடு திரும்புவோம். இரண்டிலிருந்தும் நாலைந்து கிளிப்பை ஓட்டிப் பார்க்காமல் கார்டை அழிப்பதில்லை. ஷீல்டுக்கு ரப்பர் உறை, ஐபி65 பாதுகாப்பு (தூசியும், பீச்சியடிக்கும் தண்ணீரும் தாங்கும்) உண்டு. பன்னீர்ச் செம்பு கவிழ்ந்தாலும் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம்.

கேள்வி: டிரைவோடு வந்த கேபிள் தொலைந்துவிட்டது. போன் சார்ஜர் கேபிளில் போட்டால் ஆமை வேகம். டிரைவ் கெட்டுவிட்டதா?
(வாசகி, நாகர்கோவில்)

இல்லை அம்மா, டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். டைப்-சி முனை இருந்தாலும் பல சார்ஜர் கேபிள்கள் உள்ளே யு.எஸ்.பி. 2தான், விநாடிக்கு 40 எம்.பி.யே அதிகம். 10 ஜி.பி.பி.எஸ். என்று போட்டிருக்கும் அரை மீட்டர் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் டிரைவோடு ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வையுங்கள்.